இரும்பு உண்ட நீர்: கைவினைக் கத்தித் தொழிலின் பதச்சொற்களும் ஒரகடம் தொழில்தடமும்

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இரண்டு படைக்கலக் கொட்டில்களை அருகருகே நிறுத்துகிறார். தொண்டைமானின் கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. இப்பாடலைத் தூதுக்கும் புகழ்வது போலப் பழித்தலுக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டுவது நம் வகுப்பறை மரபு. தொழில் வரலாற்று நோக்கில் படிப்பவருக்கு அதில் மற்றொரு செய்தி உண்டு. பயன்பாட்டில் உள்ள கருவி, கொல்லனிடம் மீண்டும் மீண்டும் திரும்பி வருவது. அதன் வலிமை ஒரு முறை கொடுத்து முடிந்துவிடுவதன்று. தேயும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டியது.

அந்தத் தொண்டை நாட்டின் நடுவில், சென்னைக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே, இன்று திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் அமைந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்–நிசான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் சரக்குந்துகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. பற்சக்கரம், அச்சு, வில்பட்டை என இத்தகைய ஆலைகள் கையாளும் உறுப்புகள் பலவும் காய்ச்சித் தோய்க்கப்பட்ட எஃகினால் ஆனவை. கத்திக் கொல்லரின் உலையில் நடப்பதும் அடிப்படையில் அதே செயல்தான். ஆயினும் அச்செயலுக்கு உலைக்களம் ஒரு சொல்லையும், ஆலை ஒரு சொல்லையும், நம் கலைச்சொல் நூல்கள் மூன்றாவது ஒரு சொல்லையும் வழங்குகின்றன. இம்மூன்றில் உலைக்களத்துச் சொல்லே நுட்பமானது என்பதையும், அந்நுட்பம் கலைச்சொல்லாக்கத்தில் எவ்வாறு மங்கியது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இரு வகை நீர்

கொல்லனின் தொழிலைக் கூறும் சங்கப் பாடல்களில் நீர் இரண்டு இடங்களில் வெவ்வேறு வேலை செய்கிறது. நற்றிணை 133இல் வருவது உலைத்தீயின்மேல் தெளிக்கும் நீர். பனைமடலைத் தோய்த்துச் சிறிதளவு நீரை வெவ்விய உலைமீது கொல்லன் தெளிக்கிறான். பிரிவால் வருந்தும் தலைவிக்குத் தோழியின் சொல் தரும் சிறு ஆறுதலுக்கு அது உவமை ஆகிறது. தீ அணைந்துவிடுவதில்லை, சற்றே அடங்குகிறது. இன்றைய கரியுலையிலும் இதைக் காணலாம். ஓரத்துக் கரியை நனைத்து வைத்தால் வெப்பம் நடுவில் குவியும், கரியும் வீணாகாது.

புறநானூறு 21இல் வரும் நீர் வேறு. உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய கானப்பேரெயிலைப் பற்றி அதனை இழந்த வேங்கைமார்பன் வருந்தும் இடம் அது. செந்தீயிலிட்டுக் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை மீட்பதினும் அக்கோட்டையை மீட்பது அரிது என்பது கருத்து. இங்கு நீர் தீயின்மேல் விழவில்லை, இரும்புக்குள் செல்கிறது. 'உண்' என்னும் வினை கூர்ந்து நோக்கத்தக்கது. ஆவியாகிப் போன நீர் என்று சொல்லியிருந்தாலும் உவமை நிற்கும். புலவரோ இரும்பை உண்பதாகக் கூறினார். உண்டது உண்டவனின் உடம்பாக மாறுவதுபோல், நீர்பட்ட இரும்பும் முன்பிருந்த இரும்பாக இருப்பதில்லை. இப்பாடலைக் கொண்டு சங்ககாலக் கொல்லர் எஃகின் உள்ளமைப்பை அறிந்திருந்தனர் என்று வாதிடுவது மிகையாகும். நீர்பட்டபின் இரும்பு பழைய நிலைக்குத் தானே மீளாது என்பதை அவர்கள் கண்டிருந்தனர் என்ற அளவுக்குச் சொல்ல இடமுண்டு.

கானப்பேர் என்பது சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில். அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியும் அதே மாவட்டத்தில் உள்ளது. இதைத் தற்செயல் என்று கொள்வதே நேர்மை.

தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் உலைக்களம் உண்டு. வயலில் ஊரும் நண்டின் கவர்த்த கால்களுக்கு மிதியுலைக் கொல்லனின் கொடிற்றை, அதாவது பற்றுக்குறட்டை, உருத்திரங்கண்ணனார் உவமையாக்குகிறார். மிதியுலை என்ற ஒரு சொல்லிலேயே காலால் மிதித்து இயக்கும் துருத்தியின் அமைப்பு அடங்கியுள்ளது. அக்கருவி உவமைக்கு எடுக்கும் அளவுக்குக் கேட்போர்க்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். செங்கற்பட்டுப் பகுதியின் சாணூரில் 1950இலும் 1952இலும் நடந்த அகழாய்வு, பெருங்கற்கால ஈமச்சின்னங்களோடு இரும்புக் கருவிகளையும் வெளிக்கொணர்ந்தது. மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்றும் சிவகளைக்குக் கி.மு. 3345 என்றும் 2022இலும் 2025இலும் அறிவிக்கப்பட்ட காலக்கணிப்புகளால் இரும்பின் பழமை இன்று பரவலாகப் பேசப்படுகிறது. ஆண்டு எவ்வளவு பின்னோக்கிப் போனாலும் அந்த இரும்பு எவ்வளவு கடினமாக்கப்பட்டிருந்தது என்பதை ஆண்டு கூறாது. அதற்கு உலோகத்தின் உள்ளமைப்பைச் சோதிக்க வேண்டும். மொழியாய்வாளருக்கோ சொற்களைச் சோதிக்கும் வழி இருக்கிறது.

எஃகும் உருக்கும்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் உலோகத்துக்குத் தமிழில் இரு சொற்கள் உள்ளன. பழைய வழக்கில் எஃகு என்பது கூரிய படைக்கலத்தையும் கூர்மையையும் குறித்தது. திருக்குறள் 759இல் பகைவர் செருக்கை அறுக்கும் கருவியாகவும், 773இல் ஆண்மையின் கூர்மையாகவும் அச்சொல் வருகிறது. உலோகத்தின் பெயராக அது நிலைபெற்றது அப்பொருளின் வளர்ச்சியே. உருக்கு என்பதோ உருகு என்னும் வினையின் வழிவந்தது. ஒன்று பொருளை அதன் வாயால் அறிகிறது. மற்றொன்று அது பிறந்த தீயால் அறிகிறது.

உருக்குக்கு இனமானதாக அறிஞர் பலர் கருதும் கன்னட, தெலுங்குச் சொல்லான உக்கு, திரிந்து 'வூட்ஸ்' என்ற பெயரில் இங்கிலாந்து சென்றது. பம்பாயிலிருந்து மருத்துவர் ஸ்காட் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அவருக்கு உதவிய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இலண்டனில் கத்தி செய்து விற்றவர். இந்திய உருக்கில் கத்தி செய்து, பிற எஃகைவிட அதனை விரும்பியவர் அவர். பின்னர் அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆய்ந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். தென்னிந்திய உருக்கைப் பற்றிய ஐரோப்பிய அறிவியல் ஆர்வம் கத்தித் தொழிலாளி ஒருவரின் பட்டறை வழியாகவும் வளர்ந்தது என்பது நம் நூல்களில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை. வாளைப் பற்றிப் பேசுவதில் உள்ள கிளர்ச்சி பேனாக்கத்தியைப் பற்றிப் பேசுவதில் இல்லை போலும்.

செய்முறையை விரிவாகப் பதிந்தவர்களுள் ஒருவர், சேலத்தில் கம்பெனி அலுவலராக இருந்து பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத். 1839இல் அச்சான அவரது கட்டுரையின்படி, தேனிரும்புத் துண்டுகளை மூசையில் இட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, எருக்கிலை போன்ற ஓரிரு இலைகளால் மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை அடுக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்குக் கிடைக்கும். ஆவாரைக் குச்சி கரியாகித் தன் கரியணுக்களை இரும்புக்குள் செலுத்துகிறது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் கிடைத்த உலை, மூசைச் சான்றுகள் இத்தொழிலின் தமிழகப் பரப்பைக் காட்டுகின்றன.

1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் தன் நெடும்பயணத்தின் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியையும் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரையும் கடந்தே காஞ்சிபுரம் சென்றார். இரும்பு உருக்குதலையும் எஃகு செய்தலையும் அவர் விரித்தெழுதியது பின்னர் மைசூர்ப் பகுதியில். அன்று இவ்வழியில் அவர் கண்ணில் பட்டவை ஏரியும் வயலும் கோயிலும்.

லாரிப் பட்டையிலிருந்து கத்தி

இன்று நாட்டுக் கொல்லர் எவரும் மூசையில் உருக்கு எடுப்பதில்லை. தமிழகத்தின் பட்டறைகளில் நல்ல அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் விரும்பப்படும் பொருள் லாரிப் பட்டை. சரக்குந்தின் சுமையைத் தாங்கும் வில்பட்டைதான் அது. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் அப்பட்டையில் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை கரி இருக்கும். மாங்கனீசும், வகைக்கேற்பச் சிலிக்கானோ குரோமியமோ சேர்ந்திருக்கும். கரி மிகக் குறைந்த கட்டடக் கம்பியை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. தேர்ந்த கொல்லர் சாணையில் தொட்டுப் பொறியைப் பார்த்தே வேறுபாட்டை உணர்வார்: கரி மிகுந்த எஃகின் பொறி பூவாகச் சிதறும், மெல்லிரும்பின் பொறி நீள்கோடாக ஓடும்.

கைவினைக் கத்தியின் தனித்தன்மை அளவில் தொடங்குவதில்லை. எதை வெட்ட என்ற கேள்வியில் தொடங்குகிறது. பனையேறி பாளை சீவும் அரிவாளுக்கு வாய் மிக மெல்லியதாக வேண்டும். அது வெட்டுவது இளம்பாளையின் நுனியை. விறகு பிளக்கும் கத்திக்கு முதுகு தடித்திருக்க வேண்டும். கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்கு வாயில் நுண்பற்கள் வேண்டும். துவைச்சலுக்கு முன்பே அவற்றை உளியால் வெட்டிவிட வேண்டும், பின்னர் உளி ஏறாது. கேட்பவரின் கையும், அவர் இடக்கையரா என்பதும், பிடியின் பருமனை முடிவு செய்யும். ஆலைக் கத்தி விலைக்கேற்ப வேறுபடும். பட்டறைக் கத்தி வேலைக்கேற்ப வேறுபடும்.

வளைந்த பட்டையை முதலில் காய்ச்சி நிமிர்த்துவார்கள். அக்கணமே, அப்பட்டைக்குத் தொழிற்சாலை வைத்த பதம் அழிந்துவிடுகிறது. வில்லாக வளைந்து நிமிர வேண்டியதால் ஆலையில் அதற்கு 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில் பதம் வைத்திருப்பார்கள். வளையும், உடையாது, ஆனால் நல்ல வாய் நிற்காது. கொல்லர் அதே பொருளுக்கு வேறொரு பதம் வைக்கப்போகிறார். பொருளை ஆலையிடமிருந்து பெற்றாலும் பதத்தை அவர் பெற்றுக்கொள்வதில்லை.

பின்னர்ப் பழுக்கக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டுவதும் ஒடுக்குவதும் நடக்கும். புறநானூறு 312இல் பொன்முடியார் கொல்லனின் கடமையாகக் கூறும் வேல்வடித்தலின் 'வடி' என்னும் வினை இச்செயலுக்கே உரியது. கத்தியின் உறுப்புப் பெயர்கள் பலவும் உடலிலிருந்து வந்தவை: வெட்டும் விளிம்பு வாய், எதிர்ப்புறம் முதுகு. வாய் முதுகினும் மெல்லியதாக அடிபடும்போது அலகு முதுகுப்புறமாக வளையும். அதை எதிர்பார்த்துக் கொல்லர் முன்னதாகவே எதிர்த்திசையில் சிறிது வளைத்து வைப்பார். வடிவம் வந்தபின் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரம் ஏறும் அளவுக்கு இரும்பு இளகும்.

அடுத்தது துவைச்சல். அகராதிகளில் துவை என்னும் வினைக்கு ஆடை துவைத்தலோடு இரும்பைக் காய்ச்சித் தோய்த்தல் என்ற பொருளும் உண்டு. தோய்ச்சல் என்றும் வழங்கும். ஏறத்தாழ 850 டிகிரிக்குக் காயும்போது எஃகின் படிக அமைப்பு மாறி, கரி அதற்குள் கரைந்து பரவுகிறது. மெல்ல ஆறினால் கரி வெளியேறித் தனித்து நிற்கும். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்ளும், அச்சிக்கலே கடினம். உலோகவியலார் அவ்வமைப்பை மார்ட்டன்சைட் என்பர். வெப்பமானி இல்லாத கொல்லர் நிறத்தைக் கொண்டு அறிகிறார். கொட்டிலில் ஒளி குறைவாக இருப்பது வறுமையால் மட்டுமன்று. வெயிலில் இரும்பின் செம்மை தெரியாது. ஐயம் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டு செல்லலாம். 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் பற்றாது.

லாரிப் பட்டையைத் தண்ணீரில் முழுதும் அமிழ்த்தினால் வெடிக்கக்கூடும்; சேர்ந்துள்ள பிற உலோகங்களால் அது எண்ணெயிலேயே போதிய அளவு இறுகும். ஆகவே எண்ணெயில் தோய்ப்பவரும் உண்டு, வாயை மட்டும் நீரில் காட்டி எடுப்பவரும் உண்டு. இந்த இரண்டாவது முறையில்தான் தொழிலின் நுட்பம் முழுதும் வெளிப்படுகிறது. வாய் குளிர்ந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். முதுகிலோ வெப்பம் எஞ்சியிருக்கும். அலகை வெளியே எடுத்து, வாயோரத்தைக் கல்லால் தேய்த்துப் பளிச்சிடச் செய்து பார்த்திருந்தால், முதுகின் வெப்பம் வாயை நோக்கி ஊர்ந்து வரும்போது பளிச்சிட்ட பரப்பில் நிறங்கள் தோன்றும். வைக்கோல் நிறம் 220 முதல் 230 டிகிரி வாக்கில் வரும்; பின் பழுப்பு, பின் ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும், எலும்பில் பட்டால் வாய் தெறிக்கலாம். பழுப்பில் நிறுத்தினால் சற்றே மெதுவாகும், தெறிக்காது. வேண்டிய நிறம் வாயை எட்டிய நொடியில் மீண்டும் நீரில் விட வேண்டும். நிறம் கடந்துபோனால் மறுபடி உலைக்கே செல்ல வேண்டும்.

எனவே இங்கும் இரு நீர் உண்டு. முதல் நீர் கடினத்தைக் கொடுப்பது. அதன் பெயர் துவைச்சல். இரண்டாம் நீர், தளர்ந்துவரும் கடினத்தை உரிய இடத்தில் நிறுத்துவது. அவ்வுரிய நிலையின் பெயர் பதம். பாகுக்கும் சோற்றுக்கும் உழவு மண்ணுக்கும் பதம் உண்டு. எல்லா இடத்திலும் அச்சொல் குறிப்பது கூடாமலும் குறையாமலும் நிற்கும் நிலையை. கையால் செய்பவர் காத்திருந்து பிடிக்க வேண்டிய கணத்தை. கத்தியின் கூர்மைக்கும் பதம் என்ற வழக்கு இருப்பது இதன் தொடர்ச்சி.

பிடி, பூண், சாணை ஆகியவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அலகின் வாலைக் காய்ச்சி மரப்பிடிக்குள் செருகி அரக்கால் இறுக்குவது பழைய முறை; இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைவது இன்று மிகுதி. சாணைக்குப் பயன்பட்ட குருந்தக்கல்லின் பெயர் 'கொரண்டம்' என ஆங்கிலத்துக்குச் சென்றுவிட்டது. குறள் மூன்று இடங்களில் எடுத்தாளும் அரம் மட்டும் தன் பெயரோடு இங்கேயே இருக்கிறது.

தொழில்தடத்தின் சொற்கள்

ஒரகடத்து ஆலைகளிலும் அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு தொழிலகங்களிலும் இச்செயல்களின் பெயர்கள் ஹீட் ட்ரீட்மென்ட், ஹார்டனிங், டெம்பரிங். இதில் குறைகாண ஒன்றுமில்லை. இயந்திரத்தின் பலகையிலும் பணியாணையிலும் உள்ள சொல்லையே தொழிலாளி பேசுவார். சிக்கல் மூன்றாம் இடத்தில், தமிழில் பாடம் எழுதும் நம்மிடத்தில் இருக்கிறது. பதப்படுத்தல் என்ற ஒரே சொல்லை உணவுக்கும் தோலுக்கும் எஃகுக்கும் வழங்குகிறோம். எஃகிலும் கடினமாக்கலுக்கும் கடினத்தைத் தளர்த்தலுக்கும் வேறுபாடின்றி வழங்குகிறோம். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்லும் இரு செயல்களுக்கு ஒரு பெயர் வைத்தால், பயிற்சிக்கூட மாணவர் அதைத் தமிழில் சிந்திப்பதைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குச் செல்வது இயல்பே.

இக்குழப்பத்தின் மூலம் தமிழில் இல்லை என்பது என் கருத்து. பழைய ஆங்கிலத்தில் டெம்பர் என்ற வினை நீரில் தோய்த்துக் கடினமாக்குவதையும் உள்ளடக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்–ஆங்கில அகராதியாளர் அப்பொருளில்தான் துவைச்சலுக்கு அச்சொல்லைப் பொருளாகத் தந்தனர். பின்னர் உலோகவியலில் டெம்பரிங், தோய்த்தபின் மிதமாகக் காய்ச்சித் தளர்த்துவதற்கு மட்டுமே உரியதாகக் குறுகியது. அகராதியைத் திறந்து அதற்குத் துவைச்சல் என எழுதினால் பொருள் தலைகீழாகும். துவைச்சலை ஒதுக்கிப் பொதுச்சொல்லைத் தேடினால் பதப்படுத்தலில் போய் நிற்போம். பட்டறை வழக்கைக் கேட்டிருந்தால் ஹார்டனிங்குக்குத் துவைச்சல், டெம்பரிங்குக்குப் பதம்வைத்தல், குவென்ச்சிங் என்னும் அமிழ்த்தும் செயலுக்குத் தோய்த்தல் என மூன்றும் தனித்தனியே கிடைத்திருக்கும். மூன்றும் வேர்ச்சொல் உடையவை, வினையாகவும் பெயராகவும் நிற்பவை, அகராதியில் உள்ளவை.

துவைச்சல் என்ற சொல் மாணவருக்குச் சலவையை நினைவூட்டும் என்ற தடை எழுப்பப்படலாம். சுருள்வில் என்று எழுதும்போது எவரும் போர்க்களத்தை நினைப்பதில்லை. வில் ஒருமுறை இயற்பியலுக்குள் வந்து நிலைத்ததுபோல் துவைச்சலும் வரக்கூடும். அதற்குப் பாடநூலில் ஒரு வரையறையும் ஒரு படமும் போதும்.

பட்டறைக்கு வரும் தேய்ந்த அரிவாள்களில் இரு வகை உண்டு. மழுங்கியதற்குச் சாணை போதும். சாணை பிடித்துப் பிடித்துத் துவைச்சல் ஏறிய விளிம்பே கரைந்துபோனதற்குச் சாணை பயன்படாது. அன்று தீட்டிய கூர் அன்றே போய்விடும். அதைக் கொண்டுவருபவர் துவைச்சல் வைத்துத் தரும்படி கேட்பார். கொல்லர் பிடியைக் கழற்றி, அலகைக் காய்ச்சி, வாயை மீண்டும் வடித்து, அரமிட்டு, தோய்த்து, நிறம் பார்த்து எடுப்பார். ஒவ்வொரு முறையும் அலகு ஒரு நூல் அளவு ஒடுங்கும்.